ஆப் வந்தது, அப்டேட் வரவில்லை: விண்டோஸ் ஃபோன் ஸ்டோர், ஒரு நிகழ்வு ஆய்வு

2013 ஜூலையில், மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் ஃபோன் அமைப்பில் ஓடும் நோக்கியா லூமியா 1020 அறிமுகமானது. 41 மெகாபிக்சல் கேமரா. அன்றைக்குக் கேமராவில் அதற்கு இணையாக வைக்க வேறு ஃபோன் அநேகமாகக் கிடையாது. படம் எடுப்பதற்கென்றே செய்த அந்த ஃபோனில் இன்ஸ்டாகிராம் இல்லை. அதற்கு மாற்றாக ஓகிள் என்ற ஹிப்ஸ்டமாடிக் நிறுவனத்தின் ஆப்பைக் காட்டினார்கள். அதில் எடுத்த படத்தை இன்ஸ்டாகிராமுக்கு அனுப்ப முடியும் என்பதுதான் அதன் பெரிய சிறப்பு. அதற்குச் சில மாதங்கள் முன்புதான் இன்ஸ்டாகிராம் எங்களுக்கும் வேண்டும் என்று பயனர்களைச் சொல்ல வைக்கும் இணையப் பிரசாரம் ஒன்றை நோக்கியாவே நடத்தியிருந்தது. 2012 ஏப்ரலில் ஃபேஸ்புக் வாங்க முன்வந்தபோது பதின்மூன்று பேர் மட்டும் வேலை பார்த்த ஒரு நிறுவனத்திடம், உலகத்திலேயே அதிக ஃபோன் விற்ற கம்பெனிகளில் ஒன்று இப்படிக் கெஞ்ச வேண்டியிருந்தது.

நவம்பரில் இன்ஸ்டாகிராம் வந்தது. பெயரோடு சேர்த்தே 'பீட்டா', அதாவது இன்னும் சோதனை வடிவம், என்று ஒட்டியிருந்தது. வீடியோ பதிவு கிடையாது. அந்த ஒட்டு 2016 வரை போகவில்லை. 2014க்குப் பிறகு அந்த ஆப் ஏறக்குறைய அசையவும் இல்லை. 'இன்ஸ்டாகிராம் இருக்கா?' என்று யாராவது கேட்டால் 'இருக்கு' என்று சொல்லிவிடலாம், அவ்வளவுதான்.

விண்டோஸ் ஃபோன் ஏன் தோற்றது என்று கேட்டால் 'ஆப் இல்லை' என்று எல்லோரும் ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அதை மறுக்கப் போவதில்லை. ஆனால் ஆப்களைக் கொண்டுவர மைக்ரோசாஃப்ட் எதற்கெல்லாம் பணம் கொடுத்தது, கொடுத்த பிறகு என்ன ஆனது என்று பின்தொடர்ந்தால் அந்த வரி பாதிக் கதைதான் என்று தெரியும். ஆப்பை வரவழைக்கக் காசு இருந்தது. வந்த ஆப்பை வருடக்கணக்கில் பராமரிக்க, அதன் சொந்தக்காரருக்கு ஒரு காரணமும் இல்லாமல் போனது. என் கணிப்பில் விண்டோஸ் ஃபோனைச் சாய்த்தது இந்த இரண்டாவது விஷயம்.

எண்ணிக்கையும் அதன் மயக்கமும்

2010 பிப்ரவரியில் பார்சிலோனாவில் அறிவிக்கப்பட்ட விண்டோஸ் ஃபோன் 7, அந்த வருடம் அக்டோபர், நவம்பரில் விற்பனைக்கு வந்தது. ஐஃபோனின் ஆப் ஸ்டோர் திறந்து இரண்டு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. பழைய விண்டோஸ் மொபைலுக்கு எழுதிய எந்த ஆப்பும் புதியதில் ஓடாது என்பதால், பெயரில் விண்டோஸ் இருந்தும் ஸ்டோர் பூஜ்யத்திலிருந்து தொடங்கியது. 2011 பிப்ரவரி 11 அன்று நோக்கியா தன் பழைய ஃபோன் அமைப்பான சிம்பியனை ஒதுக்கிவிட்டு மைக்ரோசாஃப்டோடு கைகோத்தது. அதன் பிறகுதான் விற்பனையில் கொஞ்சம் உயிர் வந்தது. 2013இன் பிற்பகுதியில் ஐரோப்பாவின் ஐந்து பெரிய சந்தைகளில் விற்ற புது ஸ்மார்ட்ஃபோன்களில் ஏறக்குறைய பத்தில் ஒன்று விண்டோஸ் ஃபோன். உலக அளவில் மட்டும் அது மூன்று, நான்கு சதவீதத்தைத் தாண்டி வளரவே இல்லை.

ஸ்டோர் எண்ணிக்கையைப் பார்த்தால் நிலைமை அவ்வளவு மோசமாகத் தெரியாது. 2012 ஜூனில் ஒரு லட்சம் ஆப்கள். அதே சமயம் ஆப்பிளிடம் 6.5 லட்சம். 2014 ஆகஸ்டில் மூன்று லட்சம்; ஆப்பிளிடம் 12 லட்சம். மூன்று லட்சம் யாருக்குப் போதாது? ஒருவர் தினமும் தொடுவது பத்துப் பதினைந்து ஆப், எப்போதாவது தொடுவது இன்னொரு இருபது.

சிக்கல் என்னவென்றால், அந்த முப்பத்தைந்தில் முப்பது எல்லோருக்கும் பொது, மீதி ஐந்து ஆளுக்கு ஆள் வேறு. ஒருவருக்கு அவருடைய வங்கி ஆப், இன்னொருவருக்கு ஆபீஸ் கதவைத் திறக்கும் ஆப், மற்றொருவருக்கு நண்பர்கள் எல்லோரும் விளையாடும் அந்த ஒரு விளையாட்டு. பொதுவான முப்பதை மைக்ரோசாஃப்ட் பேரம் பேசிக் கொண்டுவரலாம். இந்த ஐந்தை யாரிடம் போய்ப் பேசுவது? அவை உலகம் முழுக்க லட்சக்கணக்கான சிறு நிறுவனங்களிடம் சிதறிக் கிடந்தன. அதில் ஒன்றே ஒன்று இல்லாவிட்டாலும் அடுத்த முறை ஃபோன் வாங்கும்போது மனசு மாறிவிடும். ஸ்டோரில் மூன்று லட்சம் ஆப் இருப்பது அந்த ஆளுக்கு ஒரு ஆறுதலும் தராது.

திரும்பத் திரும்ப ஆரம்பத்திலிருந்து

தொழில்நுட்பப் பக்கம் போனால் கதை இன்னும் கசப்பானது. விண்டோஸ் ஃபோன் 7இல் வெளி டெவலப்பர்கள் சில்வர்லைட், எக்ஸ்என்ஏ என்ற மைக்ரோசாஃப்டின் இரண்டு வழிகளில்தான் எழுத முடியும். சி++ என்ற நிரல் மொழி கிடையாது. ஐஃபோனிலும் ஆண்ட்ராய்டிலும் பெரிய விளையாட்டுகளின் உள்பகுதி சி++இலும், திரையில் படம் வரையும் ஓபன்ஜிஎல்லிலும் இருந்தது. இரண்டு தளத்துக்கும் பொதுவாக ஒரே குறியீட்டை வைத்துக்கொண்டு மேல்பூச்சை மட்டும் மாற்றினார்கள். விண்டோஸ் ஃபோனுக்கு வரவேண்டும் என்றால் மொத்தத்தையும் மறுபடி எழுத வேண்டும். மூன்று சதவீதச் சந்தைக்காக நூறு சதவீத உழைப்பு. எந்த மேலாளர் கையெழுத்துப் போடுவார்?

விண்டோஸ் ஃபோன் 8 அதைச் சரிசெய்தது. உள்ளே அமைப்பின் மையமாக இருந்த சிஇ கர்னல் போய், மேசைக் கணினியில் இருக்கும் என்டி கர்னல் வந்தது. சி++ அனுமதி கிடைத்தது, ஆனால் ஓபன்ஜிஎல்லுக்குப் பதில் மைக்ரோசாஃப்டின் டைரக்ட்3டி. இந்த மாற்றம் எப்படி அறிவிக்கப்பட்டது என்று பாருங்கள். 2012 ஏப்ரலில் லூமியா 900ஐ அமெரிக்காவில் பெரிய ஆர்ப்பாட்டத்தோடு 99.99 டாலர் ஒப்பந்த விலைக்கு இறக்கினார்கள். ஜூன் 20 அன்று விண்டோஸ் ஃபோன் 8 அறிவிப்பு வந்தது: இப்போது விற்கும் ஃபோன் எதற்கும் இது கிடைக்காது, அவற்றுக்கு 7.8 என்ற சின்ன அப்டேட்தான். ஜூலையில் லூமியா 900இன் விலை பாதியானது. வாங்கியவர்களின் கோபம் ஒரு பக்கம் இருக்கட்டும். 7க்கு ஆப் எழுதியிருந்த டெவலப்பருக்குத் தன் பயனர் கூட்டம் மொத்தமும் ஒரே அறிவிப்பில் முட்டுச்சந்துக்குள் போய்விட்டது. பழைய ஆப் புதியதில் ஓடும் என்பது உண்மைதான். புதிய வசதிகளைத் தொட வேண்டுமானால் பழையவர்களைக் கைவிட வேண்டும்.

அத்தோடு நின்றதா? 2014இல் 8.1 இன்னொரு ஆப் அமைப்பைக் கொண்டுவந்தது. 2015இல் விண்டோஸ் 10, கணினிக்கும் ஃபோனுக்கும் பொதுவான மற்றோர் அமைப்பைக் கொண்டுவந்தது. 2016 மார்ச்சில் பழைய ஃபோன்களுக்கு விண்டோஸ் 10 மொபைல் கொடுத்தபோது, தளத்திலேயே அதிகம் புழங்கிய லூமியா 520 பட்டியலில் இல்லை. அந்த 41 மெகாபிக்சல் 1020உம் இல்லை. மூன்று சதவீதமே சின்னக் கூட்டம். அதை இரண்டாக, மூன்றாகப் பிளந்து எந்தப் பக்கம் வேண்டும் என்று டெவலப்பரைக் கேட்டால் அவர் தேர்ந்தெடுப்பது வெளியே போகும் வழியைத்தான்.

வன்பொருளிலும் இதே பிளவு இருந்தது. 520இல் நினைவகம் 512 எம்பி. 2013 மார்ச்சில் டெம்பிள் ரன் ஒருவழியாக வந்துசேர்ந்தபோது 1 ஜிபி கேட்டது. மலிவு ஃபோன் வாங்கியவர்கள் ஸ்டோரில் அதைப் பார்க்கலாம், போட முடியாது. பிறகு சரிசெய்தார்கள். ஆனால் மைக்ரோசாஃப்டும் நோக்கியாவும் எண்ணிக்கையைக் கூட்ட விற்றதெல்லாம் இந்த மலிவு ஃபோன்கள். பெரிய ஆப்களை வைத்துக் காட்டியதெல்லாம் விலை கூடிய ஃபோன்களில்.

காசு எதை வாங்கியது

மைக்ரோசாஃப்ட் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. பிரபல ஆப்களின் விண்டோஸ் ஃபோன் வடிவத்துக்கான செலவை அதுவே ஏற்கிறது என்று 2012இல் செய்தி வந்தது. இருக்கும் இடத்தை நண்பர்களுக்குச் சொல்லும் ஃபோர்ஸ்கொயர் அதில் ஓர் உதாரணம். ஓர் ஆப்பை எழுதச் சிக்கலைப் பொறுத்து 60,000 முதல் 600,000 டாலர் வரை ஆகலாம் என்று அப்போது மதிப்பிட்டார்கள். ஃபேஸ்புக் ஆப்பை மைக்ரோசாஃப்டே எழுதி, தன் பெயரிலேயே ஸ்டோரில் வைத்தது.

இதில் இருக்கும் ஓட்டையைக் கவனியுங்கள். ஓர் ஆப் நிறுவனத்தில் ஐஃபோன் குழு இருக்கும், ஆண்ட்ராய்டு குழு இருக்கும். விண்டோஸ் ஃபோன் வடிவத்தை வெளியே ஒரு ஒப்பந்த நிறுவனம் செய்து கொடுத்துவிட்டுப் போய்விடும். ஆறு மாதம் கழித்து சேவையில் புது வசதி சேர்க்கும்போது முதல் இரண்டு குழுக்களும் கூட்டத்தில் உட்கார்ந்திருப்பார்கள். மூன்றாவது நாற்காலியில் யாரும் இல்லை. சர்வரில் ஒரு மாற்றம் செய்தால் எங்கே உடையும் என்று சொல்லவும் ஆள் இல்லை. பணம் கொடுத்துப் பெற்ற ஆப்கள் முதல் நாள் அழகாக இருந்து மெல்ல மெல்லப் பின்தங்கியதற்குக் காரணம் அலட்சியம் என்பதைவிட இந்தக் காலி நாற்காலி என்றே நினைக்கிறேன்.

பெரிய ஆப்களுக்கு இது என்றால், சின்னவற்றுக்கு 2013 மார்ச்சில் இன்னொரு திட்டம் வந்தது: 'கீப் த கேஷ்'. அமெரிக்காவில் இருப்பவர் புது ஆப் ஒன்றை வெளியிட்டால் 100 டாலர். கணினி ஸ்டோருக்குப் பத்து, ஃபோன் ஸ்டோருக்குப் பத்து என்று அதிகபட்சம் 2,000 டாலர். நூறு டாலருக்கு என்ன ஆப் கிடைக்கும்? ஒரு சாயங்கால வேலை கிடைக்கும். டார்ச் லைட், செய்தி ஓடையைத் திரட்டிக் காட்டும் ஆப், மேற்கோள் தொகுப்பு. ஒருவர் ஓர் ஆப்பை ஒரு வருடம் கவனித்துக்கொண்டார் என்பதற்கு அந்தத் திட்டத்தில் ஒரு சல்லிக்காசு கிடையாது. திட்டம் எதை அளந்ததோ அதுதான் நிறைய வந்தது.

ஸ்டோரின் எண்ணிக்கை ஏற ஏறக் குப்பையும் ஏறியது. பிரபல ஆப்களின் பெயரையும் ஐகானையும் ஒட்டிக்கொண்டு காசு கேட்ட போலிகள் வெளியே தெரிந்து நாறியபோது, 2014 ஆகஸ்டில் விண்டோஸ் ஸ்டோரிலிருந்து 1,500க்கும் மேற்பட்ட ஆப்களை மைக்ரோசாஃப்ட் நீக்கியது. நல்ல காரியம்தான், தாமதம். உண்மையான ஆப் இல்லாத பெயரைத் தேடும் பயனர் போலியிடம் மாட்டுவது மற்ற தளங்களைவிட இங்கே அதிகம் நடக்கும். தேடலின் முதல் இடத்தில் நிற்க அசல் வராதே.

இந்த வெற்றிடத்தில் ஒரு நல்ல விஷயமும் முளைத்தது. ரூடி ஹுயின் என்ற டெவலப்பர் இன்ஸ்டாகிராமுக்கு '6டேக்', ஸ்னாப்சாட்டுக்கு '6ஸ்னாப்' என்று வரிசையாக எழுதினார். அதிகாரபூர்வ இன்ஸ்டாகிராம் செய்ய முடியாத வீடியோவை 6டேக் செய்தது. பல பயனர்கள் அசலை விட்டுவிட்டு இதையே வைத்துக்கொண்டார்கள். ஒரு தனி ஆள், அந்த நிறுவனமே செய்யாத பராமரிப்பைச் செய்தார், ஏனென்றால் அவருடைய பயனர்கள் முழுக்க இந்தத் தளத்தில்தான் இருந்தார்கள். ஆனால் இந்த ஏற்பாட்டின் நூல் வேறொருவர் கையில். 2014 டிசம்பரில் ஸ்னாப்சாட்டுக்கான எல்லா வெளியார் ஆப்களும் ஸ்டோரிலிருந்து நீக்கப்பட்டன. அசல் ஸ்னாப்சாட் கடைசி வரை வரவில்லை.

கூகுளோடு நடந்தது

யூடியூப் விவகாரத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். 2012 டிசம்பரிலேயே, எங்கள் பயனர்கள் அந்தத் தளத்தில் இல்லை, அதனால் ஆப் எழுதும் திட்டமும் இல்லை என்று கூகுள் தரப்பில் சொல்லிவிட்டார்கள். 2013 மே மாதம் மைக்ரோசாஃப்டே ஒரு யூடியூப் ஆப்பை எழுதி வெளியிட்டது. நன்றாகவே இருந்தது, வீடியோவை இறக்கிக்கொள்ளலாம், விளம்பரம் வராது. யூடியூப் காசு பார்ப்பதே விளம்பரத்தில் என்பதால் அந்த மாதமே நிறுத்தச் சொல்லிக் கடிதம் வந்தது. ஆகஸ்டில் திருத்திய ஆப் வந்தது, இரண்டே நாளில் கூகுள் அதை முடக்கியது. இணையப் பக்கங்களுக்கான எச்டிஎம்எல்5இல்தான் எழுத வேண்டும் என்றார்கள். உங்கள் ஆண்ட்ராய்டு, ஐஃபோன் ஆப்கள் அப்படி இல்லையே என்று மைக்ரோசாஃப்ட் கேட்டது. அக்டோபரில் மைக்ரோசாஃப்ட் பணிந்து, இணையதளத்தைத் திறந்து காட்டும் வெறும் உறையாக ஆப்பை மாற்றிக்கொண்டது.

யார் பக்கம் நியாயம் என்பதைவிட யார் பக்கம் நெருக்கடி என்று பார்ப்பது பயன்படும். மைக்ரோசாஃப்டுக்கு யூடியூப் இல்லாமல் ஃபோன் விற்பது கடினம். கூகுளுக்கு விண்டோஸ் ஃபோன் இல்லாமல் ஒரு நாளும் தூக்கம் கெடாது. அதற்கு மேல், போட்டித் தளத்தின் சொந்தக்காரரே அவர்தான்.

விளம்பரம் எதைப் பேசியது

விளம்பரத்துக்கும் பணம் கொட்டினார்கள். 2010இல் வந்த 'ரியலி?' விளம்பரத்தில் ஃபோனில் மூழ்கிப்போனவர்கள் மேல் சிரித்து, சட்டென்று பார்த்துவிட்டு வைக்கும் ஃபோன் இது என்றார்கள். எடுத்த விதம் அருமை. ஆனால் ஆப்பில் மூழ்கிக் கிடப்பதற்காகவே மக்கள் ஃபோன் வாங்கிய காலம் அது. 2012இல் 'ஸ்மோக்ட்' என்ற பந்தயம்: உங்கள் ஃபோனைவிட எங்களுடையது வேகம், தோற்றால் பரிசு. ஒரு கடையில் ஆண்ட்ராய்டோடு வந்தவர் ஜெயித்தும் பரிசு கிடைக்கவில்லை என்ற பிரச்சினை கிளம்ப, மைக்ரோசாஃப்ட் தரப்பு வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டது. 2013இல் ஒரு கல்யாண வீட்டில் ஐஃபோன்காரர்களும் சாம்சங்காரர்களும் அடித்துக்கொள்ளும் விளம்பரம் வந்தது. சண்டை வேண்டாம், மாறிவிடுங்கள் என்பது அதன் செய்தி. இந்த மூன்றில் அதுதான் எனக்குப் பிடித்தது.

மூன்றும் ஃபோனை விற்றன, அமைப்பை விற்றன. உங்களுக்கு வேண்டிய ஆப் இங்கே இருக்கிறது, அது இங்கே நன்றாக இருக்கிறது என்று ஒன்றும் சொல்லவில்லை. அந்தத் தளத்தில் உண்மையிலேயே தனித்து நின்றவை முகப்பில் தகவல் மாறிக்கொண்டே இருக்கும் லைவ் டைல், நோக்கியாவின் இலவச ஆஃப்லைன் வரைபடம், கேமரா ஆப்கள். இவற்றில் பாதியை நோக்கியா தன் லூமியாவுக்கென்று பூட்டி வைத்தது. லூமியா விற்க அது உதவியது. எச்டிசியும் சாம்சங்கும் இதில் மேலும் உழைப்பதற்கு இருந்த காரணத்தைக் குறைத்தது. 2013 முடியும்போது புழக்கத்தில் இருந்த விண்டோஸ் ஃபோன்களில் பத்தில் ஒன்பது நோக்கியாவுடையவை. தளம் என்று சொல்லிக்கொண்டாலும் அது ஒரே கம்பெனியின் ஃபோன் வரிசையாகச் சுருங்கியிருந்தது.

சின்ன டெவலப்பரின் கணக்கு

இந்தப் பக்கத்தைப் பற்றி யாரும் அதிகம் எழுதுவதில்லை, அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

பெரிய ஸ்டோரில் புது ஆப் ஒன்றை வெளியிட்டால் அன்றைக்கே அது அடியில் போய்விடும். சின்ன ஸ்டோரில் அப்படி இல்லை. ஓரளவு நன்றாகச் செய்த பட்ஜெட் ஆப், ஒழுங்கான பாட்காஸ்ட் ஆப் எதுவானாலும் அதன் பிரிவில் முதல் வரிசைக்கு வர முடிந்தது. இந்தத் தளத்துக்கென்றே எழுதும் ரசிகர் தளங்கள் இருந்தன. அவர்களுக்கு எழுதச் செய்தி வேண்டும், டெவலப்பருக்கு வெளிச்சம் வேண்டும். ஒரு மின்னஞ்சலில் விமர்சனம் கிடைப்பது ஐஃபோன் உலகத்தில் கனவு.

ஸ்டோரிலும் சில நல்ல ஏற்பாடுகள் இருந்தன. காசு ஆப்பை இலவசமாகச் சோதித்துப் பார்க்கும் 'ட்ரையல்' முறையைத் தளமே கொடுத்தது. ஐஃபோனில் இதற்காக 'லைட்' என்று தனி ஆப் போட வேண்டியிருந்த காலத்தில், இங்கே ஒரே ஆப், ஒரே பக்கம், பயனர் காசு கட்டிவிட்டாரா என்று உள்ளே ஒரு வரியில் கேட்டால் போதும். விமர்சனங்களும் மதிப்பெண்களும் சிதறாமல் ஒரே இடத்தில் சேரும். சிதறியது நாடுவாரியாக: ஒரு நாட்டில் எழுதிய விமர்சனம் இன்னொரு நாட்டுப் பயனருக்குத் தெரியாது. பயனர்களே கொஞ்சம் பேர், அவர்களுடைய பாராட்டும் நாட்டுக்கு நாடு துண்டாகிப் போனால் சின்ன நாட்டில் ஆப் பக்கம் வெறிச்சோடிக் கிடக்கும்.

லைவ் டைல் இன்னொன்று. முகப்பில் ஆப் தன் தகவலைத் தானே காட்டிக்கொண்டிருக்கும். அது செலவில்லாத விளம்பரம். நல்ல டைல் போட்ட ஆப்பைப் பயனர் முகப்பில் குத்தி வைப்பார், குத்தியதை லேசில் எடுக்கமாட்டார்.

விளம்பரத்துக்குக் காசு இல்லாதவர்களுக்கு ஆட்-டியூப்ளெக்ஸ் என்ற பரிமாற்று வலை வந்தது. உன் ஆப்பில் மற்றவர் ஆப்பின் விளம்பரத்தைப் பத்து முறை காட்டு, உன்னுடையது மற்ற ஆப்களில் எட்டு முறை காட்டப்படும். வழக்கமான விளம்பர வலையிலிருந்து விளம்பரம் வராத நேரத்தில் அந்தக் காலி இடத்தை இதற்குக் கொடுத்தார்கள். பணமே புரளாமல் ஆப்கள் ஒன்றையொன்று தூக்கிவிட்டன. இதே வலை மாதாமாதம் வெளியிட்ட சாதனப் புள்ளிவிவரத்தை வைத்துத்தான் எந்த ஃபோன் எத்தனை பேரிடம் இருக்கிறது என்று பலரும் தெரிந்துகொண்டார்கள். மைக்ரோசாஃப்டின் 'ரெட் ஸ்ட்ரைப் டீல்ஸ்' வாராந்திரத் தள்ளுபடி, தினமும் ஒரு காசு ஆப்பை இலவசமாகத் தரும் 'மைஆப்ஃப்ரீ' ஆகியவையும் ஒரே நாளில் பதிவிறக்கங்களை எகிறச் செய்தன.

கிரெடிட் கார்டு புழங்காத இடங்களில், ஃபோன் பில்லிலேயே ஆப்புக்குப் பணம் கட்டும் வசதியை நோக்கியாவும் மைக்ரோசாஃப்டும் பல நாடுகளில் பல ஆபரேட்டர்களோடு பேசி ஏற்படுத்தியிருந்தன. மலிவு ஃபோன் வாங்கியவரிடமிருந்து சின்னத் தொகை வர அதுவே வழி.

சரி, இவ்வளவு இருந்தும் ஏன் நிலைக்கவில்லை? உச்சவரம்பு தாழ்ந்திருந்தது. தன் பிரிவில் முதலிடம் வந்தாலும் வருமானம் ஒருவரின் முழுநேர வேலைக்குப் போதவில்லை என்றால் அது பொழுதுபோக்குதான். பொழுதுபோக்காகச் செய்பவருக்குக் குழந்தை பிறக்கும், வேலை மாறும், அமைப்பும் மறுபடி மாறும். மூன்றாவது முறை ஆப்பைப் புதிதாக எழுதச் சொல்லும்போது அவர் போய்விடுவார்.

பக்கத்து வீட்டில் பிளாக்பெர்ரி

அதே காலத்தில் பிளாக்பெர்ரி நிறுவனத்தின் புது ஃபோன் அமைப்பான பிளாக்பெர்ரி 10 இன்னும் வெளிப்படையாக எண்ணிக்கையைத் துரத்தியது. 2013 ஜனவரி 30 அன்று 70,000 ஆப்களோடு தொடங்கினார்கள். அதற்குச் சில நாட்கள் முன்பு நடத்திய 'போர்ட்டத்தான்' போட்டியில் ஒன்றரை நாளில் 15,000 ஆப்கள் வந்து குவிந்தன, ஆப்புக்கு 100 டாலர். பிறகு அந்த வருடமே ஸ்டோரில் இருந்த 1.2 லட்சம் ஆப்களில் ஏறக்குறைய 47,000 ஒரே நிறுவனத்துடையவை என்று தெரியவந்தது. இதைப் படித்தபோது சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

ஆனால் பிளாக்பெர்ரியிடம் ஒரு நல்ல யோசனையும் இருந்தது, அதை மைக்ரோசாஃப்ட் கடைசி வரை எடுக்கவில்லை. தரச் சான்று பெற்ற ஆப், முதல் வருடத்தில் 1,000 டாலராவது சம்பாதித்தால், அதை 10,000 டாலர் ஆக்கும் வரை மீதியை நாங்களே கொடுக்கிறோம் என்ற உறுதிமொழி. இதில் ஆப்பின் வருகைக்குக் காசு இல்லை. யாரோ உண்மையில் வாங்கிய, ஒரு வருடம் உயிரோடு இருந்த ஆப்புக்குக் காசு. தொகை சின்னது, ஃபோன் விற்கவில்லை, அதனால் பலன் கிடைத்ததா என்று அளக்கவும் வழியில்லாமல் போனது. ஆனாலும் ஊக்கத்தொகையைச் சரியான இடத்தில் கட்டிய ஒரே திட்டமாக எனக்கு இது தெரிகிறது.

ஆண்ட்ராய்டு ஆப்களை அப்படியே ஓட்டும் வழியையும் பிளாக்பெர்ரி எடுத்தது. 2014இல் அமேசான் ஆப்ஸ்டோரையே உள்ளே கொண்டுவந்தது. ஆண்ட்ராய்டு ஆப்பே ஓடும்போது தனியாக எழுத யார் வருவார்? மைக்ரோசாஃப்டும் 2015 ஏப்ரலில் 'அஸ்டோரியா' என்ற பெயரில் இதையே அறிவித்து, 2016 பிப்ரவரியில் கைவிட்டது. நடுவில் இருந்த மாதங்களில் விண்டோஸுக்கென்று எழுத நினைத்தவர்களும் காத்திருந்து பார்க்கலாம் என்று கையைக் கட்டிக்கொண்டார்கள்.

ஹுவாவே இதற்கு எதிர்ப்பக்க உதாரணம். 2019 மேயில் அமெரிக்கத் தடை வந்து கூகுள் சேவைகள் போனபோது, கூகுள் பிளே கிடைக்காத சீனாவில் அதற்கு ஏற்கெனவே தன் ஸ்டோரும் கோடிக்கணக்கான பயனர்களும் இருந்தார்கள். 2024இல் ஆண்ட்ராய்டு ஆப்கள் ஓடாத அதன் சொந்த அமைப்பான ஹார்மனிஓஎஸ் நெக்ஸ்ட் வந்தபோது சீன வங்கிகளுக்கும் பணப்பரிமாற்ற ஆப்களுக்கும் அதற்கென ஒரு குழுவை வைத்துக்கொள்ளக் காரணம் இருந்தது. சீனாவுக்கு வெளியே அதே ஸ்டோருக்கு அந்தப் பலம் இல்லை.

வெளியேறியவர்கள்

2015 தொடக்கத்திலேயே அமெரிக்காவின் பெரிய வங்கிகளான சேஸும் பேங்க் ஆஃப் அமெரிக்காவும் தங்கள் விண்டோஸ் ஃபோன் ஆப்களை எடுத்துவிட்டன. இல்லாத ஆப் வருமா என்று காத்திருப்பவர் பொறுத்துக்கொள்வார். இருந்த வங்கி ஆப் போனால் அவர் அந்த வாரமே கடைக்குப் போவார். 2016இல் ஃபேஸ்புக் கடைசியில் தன் சொந்த ஆப்பைக் கொடுத்தது. ஐஃபோன் குறியீட்டைத் தூக்கி வந்து வைத்த கனமான ஆப். 2017இல் அது 2 ஜிபி நினைவகம் கேட்டது. கையில் இருந்த ஃபோன்களில் பெரும்பாலானவற்றில் அவ்வளவு இல்லை.

மைக்ரோசாஃப்டும் மற்ற டெவலப்பர்கள் மாதிரியே நடந்துகொண்டது. 2014 மார்ச்சில் தொடுதிரைக்கான ஆஃபீஸ் முதலில் ஐபேடுக்கு வந்தது. அந்த வருடக் கடைசியில் வாங்கிய அகாம்ப்ளி என்ற மின்னஞ்சல் ஆப் 2015 ஜனவரியில் அவுட்லுக் ஆனபோது, அது ஐஃபோனிலும் ஆண்ட்ராய்டிலும்தான். தளத்தின் சொந்தக்காரரே தன் நல்ல குழுவை எங்கே உட்கார வைக்கிறார் என்பதை மற்ற டெவலப்பர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது எந்த 100 டாலர் திட்டத்தைவிடவும் தெளிவான அறிவிப்பு. 2015 ஜூலையில், நோக்கியா ஃபோன் பிரிவை வாங்கிய கணக்கில் 7.6 பில்லியன் டாலரை நட்டமாக எழுதித் தள்ளி, 7,800 வேலைகளைக் குறைத்தார்கள்.

2017 அக்டோபரில் மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் பொறுப்பாளர்களில் ஒருவரான ஜோ பெல்ஃபியோர் ட்விட்டரில் உண்மையை உடைத்துச் சொன்னார்: ஆப் டெவலப்பர்களை ஈர்க்க மிகவும் முயன்றோம், பணம் கொடுத்தோம், அவர்களுக்காக நாங்களே ஆப் எழுதினோம், ஆனால் பெரும்பாலான நிறுவனங்கள் முதலீடு செய்யும் அளவுக்குப் பயனர்கள் இல்லை. அதில் இல்லாத ஒன்று, எழுதிக் கொடுத்த ஆப்களுக்கு அடுத்த வருடம் என்ன ஆயிற்று என்பது.

2019 டிசம்பர் 16 அன்று 8.1க்கான ஸ்டோர் மூடப்பட்டது. அந்த மாதக் கடைசியில் வாட்ஸ்அப் விடைபெற்றது. 2020 செப்டம்பரில் மைக்ரோசாஃப்ட் மறுபடியும் ஒரு ஃபோன் விற்றது. சர்ஃபேஸ் டுவோ என்று பெயர். ஓடியது ஆண்ட்ராய்டு, ஆப்களுக்கு கூகுள் பிளே. ஆப் பஞ்சம் என்ற பேச்சுக்கே இடமில்லை. அதற்கும் மூன்று வருடத்தில், 2023 செப்டம்பரில், மைக்ரோசாஃப்ட் அப்டேட்டை நிறுத்திவிட்டது.